கலங்காதார் என்று ஒரு சொல்

என் அண்ணனைக் கிரேக்கத் தத்துவவாதி ஆக்கியது நான்தான். அவரைக் கேட்டுவிட்டுச் செய்யவில்லை. கொடைக்கானல் பக்கம் பள்ளங்கியில் பூண்டும் பீன்ஸும் போடுகிற மனிதரிடம் போய், இரண்டாயிரம் வருஷத்துக்கு முந்தைய ஒரு கூட்டத்தில் உங்களைச் சேர்த்திருக்கிறேன் என்று சொன்னால், அவர் "சரி" என்று சொல்லிவிட்டு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போயிருப்பார். எதற்கும் அவருக்கு அந்த ஒரு சொல்தான். அதனால் கேட்கிற சிரமத்தை நான் எடுத்துக்கொள்ளவில்லை.

நான் கொடைக்கானலில் தமிழ் டீச்சராக இருந்தவள். வேலையை விட்ட பிறகு அட்டுவம்பட்டி வீட்டில் உட்கார்ந்து மொழிபெயர்ப்பு செய்கிறேன். சில வருஷங்களுக்கு முன் ஒரு கலைச்சொல் தொகுதிக்காக ஒரு சிறு பட்டியல் வந்தது. பழைய கிரேக்கத்தில் இருந்த தத்துவப் பள்ளிகளைப் பின்பற்றியவர்களை என்ன பெயரால் அழைப்பது என்று தமிழில் சொல் சொல்ல வேண்டும். ஒவ்வொரு சொல்லுக்கும், அப்படிப்பட்டவர் எப்படி இருப்பார் என்று இரண்டு வரி விளக்கமும் எழுத வேண்டும்.

எனக்கு முன்னால் யாரோ ஒரு பெரியவர் வரைவு ஒன்று போட்டு வைத்திருந்தார். அதைப் படித்ததும் எனக்கு ரத்தம் கொதித்தது. நடந்துகொண்டே பாடம் நடத்திய கூட்டத்தாருக்கு அவர் வைத்த பெயர் 'சுற்றித்திரிவோர்'. போலீஸ் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போக வேண்டிய ஆட்கள் மாதிரி இருந்தது. எபிக்யூரியன்களுக்கு 'சுகபோகிகள்'. அந்தப் பாவப்பட்ட ஜென்மங்கள் ஒரு தோட்டத்தில் நண்பர்களோடு உட்கார்ந்து ரொட்டியும் தண்ணீரும் சாப்பிட்டு, அதுவே போதும் என்று இருந்தவர்கள். வந்ததை ஏற்று நிலைகுலையாமல் நின்ற ஸ்டோயிக்குகளுக்கு 'உணர்ச்சியற்றோர்'. ஆபரேஷனுக்கு மயக்க ஊசி போட்டுப் படுக்கவைத்தவர்கள் போல. ஊர்வழக்கத்தையெல்லாம் பழித்துத் திரிந்த சினிக்குகளுக்கு மட்டும் அவர் கொஞ்சம் உழைத்திருந்தார், 'நாய்க்கொள்கையர்' என்று. அந்தப் பெயரே நாயிலிருந்து வந்ததுதான் என்பதால் அதை மட்டும் மன்னித்துவிட்டேன்.

எங்கள் மலைக் கிராமங்களில் பட்டப்பெயர் வைக்கிற ஆட்கள் இதைவிட நன்றாகச் செய்வார்கள். ஒரு மனிதனை ஒரு வெள்ளாமைக் காலம் முழுக்கச் சும்மா பார்ப்பார்கள். அப்புறம் ஒரே சொல்லில் அவனைக் கட்டிப்போட்டு விடுவார்கள். அந்தச் சொல் அவனோடு நிற்காது, பேரன் கல்யாணப் பத்திரிகை வரைக்கும் போகும். கிரேக்கர்களும் இதைத்தான் செய்திருக்கிறார்கள். நடந்தவனுக்கு நடையை வைத்து, மண்டபத்தில் கூடிய ஸ்டோயிக்குக்கு மண்டபத்தை வைத்துப் பெயர். ஆகவே நானும் அகராதிகளை மூடிவிட்டு, ஒவ்வொரு கூட்டத்துக்கும் உயிரோடு இருக்கிற ஓர் ஆளைப் பிடிப்பது என்று முடிவு செய்தேன். ஆளைப் பார்த்து எழுதினால் சொல் தானாக வந்து விழும் என்று நம்பினேன்.

எதையும் நம்பாத கூட்டத்துக்கு ஆள் வீட்டிலேயே இருந்தார். என் கணவர். கேஸ் தீர்ந்துவிட்டது என்று நான் சொன்னால் நம்பமாட்டார். சிலிண்டரைச் சாய்த்து, காதை வைத்து ஆட்டிப் பார்ப்பார். ஜன்னலுக்கு வெளியே மழை கொட்டும்போது கையை நீட்டி நனைத்துப் பார்த்துவிட்டுத்தான் குடையை எடுப்பார். 'ஐயுறவாளர்' என்று எழுதி அவரிடம் காட்டினேன். அது சரியான சொல்தானா என்று எனக்குச் சந்தேகமாக இருக்கிறது என்றார். சினிக்குகளுக்கு ஆள் கிடைக்கவில்லையே என்று நான் வாயைக் கொடுத்தபோது, "போறவன் வாறவன எல்லாம் பாத்துக் கொரைக்கணும், அம்புட்டுத்தானே? கண்ணாடி உள்ளதான் கெடக்கு, போய்ப் பாரு" என்று சொல்லிவிட்டுப் பேப்பருக்குள் புகுந்துகொண்டார். ஒரு நாள் முழுக்க அவரோடு பேசவில்லை. ஆனால் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன்.

ஸ்டோயிக்குக்குத்தான் நான் தேடவே இல்லை. அண்ணன் இருந்தார்.

ஒரு வருஷம் அறுவடைக்கு ஒரு வாரம் இருக்கும்போது காட்டுமாடுகள் வேலியைச் சாய்த்துவிட்டுப் பூண்டுக் காட்டில் புகுந்து கும்மாளம் போட்டன. பக்கத்துக் காட்டுக்காரர்கள் வாயிலும் வயிற்றிலும் அடித்துக்கொண்டார்கள். அண்ணன் வரப்பில் நின்று பார்த்தார். "மிதிச்சது போக மிச்சம் கெடக்குல்ல" என்றார். வேலியைக் கட்டப் போய்விட்டார். அண்ணி இறந்தபோதும் அப்படித்தான். ஆஸ்பத்திரியில் டாக்டர் சொன்னதற்குத் தலையை ஆட்டினார். மூன்றாம் நாள், பந்தலுக்கு வாடகைக்கு எடுத்த நாற்காலிகளை ஒவ்வொன்றாகத் துடைத்து அடுக்கி அனுப்பிவைத்தார். அது நடந்து ஆறு வருஷம் ஆகியிருந்தது. இத்தனை காலத்தில் ஒரு பொட்டுக் கண்ணீரை நான் பார்த்ததில்லை.

விதியை ஏற்று, கலங்காமல் நிற்பவர். 'கலங்காதார்' என்று எழுதினேன். எழுதியதும் எனக்கே என்மேல் ஒரு மதிப்பு வந்துவிட்டது.

ஆனால் நான் டீச்சர். சோதித்துப் பார்க்காமல் மார்க் போட்டதில்லை. அதனால் பள்ளங்கிக்குப் போகும்போதெல்லாம் அண்ணனுக்கு ரகசியமாகப் பரீட்சை வைக்க ஆரம்பித்தேன். காப்பியில் சர்க்கரைக்குப் பதில் உப்பைப் போட்டுக் கொடுத்தேன். முழுவதையும் குடித்துவிட்டு, "ஒங்க ஊரு தண்ணி கொஞ்சம் உப்புக் கரிக்கும்மா" என்றார். அது அவர் வீட்டுத் தண்ணீர். அவருடைய ஒரே நல்ல சட்டையைத் துவைக்கிறேன் என்று எடுத்துப்போய் ஒரு மாதம் கொடுக்கவில்லை. கேட்கவில்லை. ஒரு நாள் பீன்ஸ் பறித்துக்கொண்டிருந்தவரிடம், கணக்குப் பாடத்தில் முக்கோணத்துக்குச் சொந்தக்காரரான கிரேக்கப் பெரியவரின் கதையைச் சொன்னேன். அவரும் அவர் கூட்டமும் பீன்ஸ் இனத்து அவரைக்காயை மட்டும் தொடமாட்டார்கள். எதிரிகள் துரத்தியபோது ஓடி வந்தவர், எதிரே அவரைக்கொடிக் காடு வந்ததும் அதை மிதிக்க மனமில்லாமல் நின்று உயிரை விட்டார் என்று ஒரு கதை உண்டு. பீன்ஸ்காரரிடம் பீன்ஸைப் பழித்தால் கோபம் வருமா என்று பார்த்தேன்.

அண்ணன் பறித்த பீன்ஸைக் கூடையில் போட்டார்.

"கொடிக்குள்ள ஓடியிருந்தா கால் மாட்டி விழுந்திருப்பாரு. நின்னதே நல்லது" என்றார்.

நூற்றுக்கு நூறு போட்டேன். நான் படித்த புத்தகத்தில் ஒரு பத்தி மட்டும் இடைஞ்சலாக இருந்தது. புயலில் கப்பல் ஆடினால் ஸ்டோயிக்கும் முகம் வெளுப்பான், அவனும் மனிதன்தான் என்று அதில் இருந்தது. என் சொல்லுக்கு அது தோதுப்படவில்லை. அதனால் அந்தப் பக்கத்தை வசதியாகத் தாண்டிவிட்டேன்.

அப்புறம் ஒரு நாள் திண்டுக்கல்லிலிருந்து பஸ்ஸில் மேலே வந்துகொண்டிருந்தேன். பெருமாள்மலையில் பஸ் நின்றது. ஜன்னல் வழியாகப் பார்த்தால், முக்கில் இருக்கிற டீக்கடைக்குள் என் கலங்காதார் நிற்கிறார். தோளில் துண்டு. கையில் ஒரு கண்ணாடி டம்ளர். அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்து, ஊதி, மறுபடியும் துடைக்கிறார். நாற்காலி துடைத்த நேர்த்தி என்று முதலில் நினைத்தேன். ஆனால் அவர் முகத்தில் நான் பார்த்திராத ஒரு குழைவு இருந்தது. அதைப் பார்த்ததும் கொடைக்கானலுக்கு எடுத்த டிக்கெட்டை மறந்து பஸ்ஸை விட்டு இறங்கிவிட்டேன். நான் ரோட்டைக் கடப்பதற்குள் அண்ணன் பின்பக்கமாகப் போய்விட்டார்.

கடைக்காரப் பெண்ணை எனக்கு லேசாகத் தெரியும். ஐம்பதை நெருங்குகிறவர். புருஷன் இறந்து பல வருஷம். பெற்றோர் இலங்கைத் தோட்டத்திலிருந்து திரும்பி வந்தவர்கள். அந்தப் பேச்சு கொஞ்சம் இவர் நாக்கிலும் ஒட்டியிருந்தது. அதிகம் சிரிக்கமாட்டார். டீ மட்டும் மலையிலேயே முதல் தரம்.

"வாங்க டீச்சர். தேத்தண்ணி குடிக்கிறீங்களா, இல்ல அண்ணனப் பத்திக் கேக்கத்தான் எறங்குனீங்களா?"

திருதிருவென்று விழித்தேன். ரெண்டும்தான் என்றேன்.

"வாரத்துக்கு மூணு நாள் வாராரு. தேத்தண்ணி குடிப்பாரு. கெளாசக் கழுவித் தொடைப்பாரு. போயிருவாரு. ரெண்டு வருசமா இப்படி. எனக்கும் வயசாச்சு, ஒண்ணும் விளங்காமலா இருக்கு? ஆனா ஒரு வார்த்தை பேசமாட்டேங்கிறாரே. அவரு வாயத் தொறந்து கேக்கட்டும். அப்புறம் நான் சொல்லுறேன்."

"என்ன சொல்லுவீங்க?"

"கேட்டாத்தானே டீச்சர் சொல்ல முடியும்?"

அன்றைக்கே பள்ளங்கிக்கு ஜீப் ஏறினேன். ஒரு ஸ்டோயிக்கை நான் இழக்கப்போகிறேன் என்ற எண்ணமே வரவில்லை. எனக்கு ஒரே குஷி. அண்ணன் ஒண்டியாகக் கிடக்க வேண்டியதில்லை, ஒரு வார்த்தைதான் பாக்கி. ஒட்டன்சத்திரத்தில் கட்டிக்கொடுத்திருந்த அண்ணன் மகளுக்குப் போன் போட்டேன். "அப்பா ஒத்துக்குவாரா அத்தை? எனக்குச் சந்தோசம்தான்" என்று அழுதாள். அண்ணனிடம் போய் விஷயத்தை உடைத்தேன். அவர் பூண்டுக் கட்டுகளைக் கெடாமலிருக்கப் புகைமேல் தொங்கவிட்டுக்கொண்டிருந்தார். ஒரு கட்டு கை நழுவிக் கீழே விழுந்தது. எடுத்து மாட்டினார்.

"என்னையக் கட்டணும்னு அவுகளுக்கு என்ன தலையெழுத்தா" என்றார்.

"அண்ணே, போய்க் கேளுங்க. ஒரு வார்த்தை."

"சாமி விட்ட வழி."

"சாமி டீக்கடைக்கு வந்து கேக்குமா?"

"பூக்கட்டிப் பாப்போம். எது வந்தாலும் சரி."

எங்கள் பக்கம் இது வழக்கம்தான். கல்யாணமோ கிணறு வெட்டுவதோ, மனசு இரண்டாக நின்றால் ஒரு வெள்ளைப் பூ, ஒரு சிவப்புப் பூ, தனித்தனியாகப் பொட்டலம் கட்டி அம்மன் காலடியில் வைப்பார்கள். பூசாரி ஒன்றை எடுத்துப் பிரிப்பார். வெள்ளை வந்தால் செய்யலாம், சிவப்பு வந்தால் விட்டுவிட வேண்டியது என்று அண்ணன் சொன்னார். விதியை ஏற்பவர் விதியிடமே போகிறார், பாடப்புத்தகம் மாதிரி நடந்துகொள்கிறாரே என்று மெச்சினேன். பூக்கட்டுகிற பொறுப்பை நானே வாங்கிக்கொண்டேன்.

இனி நான் செய்ததைச் சொல்லித்தான் ஆக வேண்டும். எங்கள் வீட்டுத் தோட்டத்தில் வெள்ளை ரோஜாவும் உண்டு, சிவப்பு ரோஜாவும் உண்டு. சிவப்புச் செடியின் பக்கமே நான் போகவில்லை. இரண்டு வெள்ளை மொட்டுகளைப் பறித்தேன். கலைச்சொல் பட்டியலின் பழைய அச்சுத் தாள் ஒன்றை இரண்டாகக் கிழித்து, மொட்டுக்கொரு பொட்டலமாகக் கட்டினேன். அம்மன் தப்பாக நினைக்கமாட்டாள் என்று பட்டது. அவளும் பெண், அவளுக்கும் அண்ணன் இருப்பதாகத்தான் சொல்கிறார்கள். சாயந்தரம் பள்ளங்கிக்கு மேலே இருக்கிற அம்மன் கோயிலுக்குப் போய்ப் பூசாரி கையில் கொடுத்துவிட்டு, ஒன்றுமே செய்யாதவள் போல வீட்டுக்கு வந்து சப்பாத்தி போட்டேன். கணவர் என் முகத்தைப் பார்த்து, "என்ன தில்லுமுல்லு?" என்று கேட்டார். அவரை ஐயுறவாளர் என்று நான் எழுதியது தப்பே இல்லை.

மறுநாள் வெள்ளிக்கிழமை. கடைக்காரப் பெண்ணையும் கூப்பிட்டிருந்தேன். கோபப்படுவாரோ என்று பயந்தேன். "பூவு என்ன சொல்லுதுன்னு நானும் பாக்குறேன்" என்று கடையைப் பக்கத்துக் கடைக்காரரிடம் ஒப்படைத்துவிட்டு ஜீப்பில் வந்து இறங்கினார். நாங்கள் ஐந்து பேர்தான். பூசாரி, அண்ணன், கடைக்காரப் பெண், நான், என் கணவர். பனிமூட்டம் கோயில் வாசல் வரை வந்து நின்றது. அண்ணன் அந்த ஒரே நல்ல சட்டையைப் போட்டிருந்தார். நான் திருப்பிக் கொடுத்திருந்தேன்.

பூசாரி தீபாராதனை காட்டினார். தட்டை வெளியே கொண்டுவந்தார். அவர் முகம் ஒரு மாதிரி இருந்தது.

தட்டில் நான்கு பொட்டலங்கள்.

இரண்டு என்னுடையவை, அச்சுத் தாளில் கட்டியவை. மற்ற இரண்டும் தினசரிக் காலண்டர் தாளில். ராகு காலம், எமகண்டம் எல்லாம் வெளியே தெரிந்தது.

"நேத்து டீச்சரம்மா ரெண்டு குடுத்தாக" என்றார் பூசாரி. "இன்னைக்கு வெள்ளனே, நான் நடை தொறக்குறதுக்கு முந்தியே அண்ணாச்சி வந்து வாசல்ல உக்காந்திருந்தாரு. 'தங்கச்சி கட்டுனது பனியில நனைஞ்சுபோச்சு, அதத் தூரப் போட்டுட்டு இத வையிங்க'ன்னு ரெண்டு குடுத்தாரு. பாத்தா அது நனையல. எதை வைக்க எதை எடுக்கன்னு தெரியாம நாலையும் வச்சுட்டேன். சாமி குத்தம் ஆயிடக் கூடாது பாருங்க."

என் அண்ணன் பொய் சொல்லி நான் கேட்டதில்லை. அவரைப் பார்த்தேன். அவர் தூணைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பூசாரி கண்ணை மூடி ஒன்றை எடுத்தார். காலண்டர் தாள். பிரித்தார். வெள்ளை. "உத்தரவு ஆயிருச்சு" என்று சொல்லிவிட்டுத் தட்டை உள்ளே கொண்டுபோகத் திரும்பினார். நானும் அவசர அவசரமாகக் கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

"நில்லுங்க சாமி" என்றார் கடைக்காரப் பெண். "மிச்சத்தையும் பிரிங்க."

"அது வழக்கம் இல்லம்மா."

"நாலு வைக்கிறதும் வழக்கம் இல்லதானே. பிரிங்க."

பூசாரி பிரித்தார். இரண்டாவது காலண்டர் தாளில் வெள்ளை. அச்சுத் தாளில் வெள்ளை. இன்னொரு அச்சுத் தாளில் வெள்ளை. தட்டில் நான்கு வெள்ளைப் பூக்கள் வரிசையாகக் கிடந்தன. என் கணவர் குனிந்து ஒன்றை விரலால் புரட்டி, அடியிலும் வெள்ளைதானா என்று பார்த்தார்.

நான் கையும் களவுமாகப் பிடிபட்டதைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை. எல்லோரும் அண்ணனைத்தான் பார்த்தோம். எது வந்தாலும் சரி என்று சொன்ன மனிதர், விடியுமுன் எழுந்து குளிரில் மலையேறி, அம்மனை ஏமாற்ற வந்து உட்கார்ந்திருந்தார்.

அந்தப் பெண் சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். சிரித்து முடித்ததும் அண்ணனுக்கு நேரே வந்து நின்றார்.

"பூவக் கேட்டீங்க. சாமியக் கேட்டீங்க. என்னையக் கேக்கலையே."

அண்ணன் வாயைத் திறந்தார். மூடினார். நான் ஏதோ சொல்லி உதவப் போனேன். கணவர் என் கையைப் பிடித்து அழுத்தினார். அவரே பேசட்டும், விடு என்று அர்த்தம்.

"எனக்குச் சக்கரை இருக்கு" என்று ஆரம்பித்தார் அண்ணன்.

பெண் கேட்கப் போய் யாரும் இப்படி ஆரம்பித்திருக்கமாட்டார்கள். அவருக்குச் சர்க்கரை இருப்பது எனக்கே அன்றுவரை தெரியாது.

"காலையில ஒரு மாத்திரை, ராத்திரி ஒண்ணு. கொறட்ட விடுவேன், அவ இருக்கையில சொல்லுவா. கையில பூண்டு வாடை போகாது, எந்தச் சோப்புப் போட்டாலும் போகாது. எனக்குப் பெருமாள்மலையில ஒரு சோலியும் கெடையாதுங்க. ஒங்க கடைக்குத்தான் வாரேன். வராத நாலு நாளும் எப்படிப் போகுதுன்னு எனக்குத்தான் தெரியும். ராத்திரி டிவிய நான் அணைக்கிறதே இல்ல. படம் ஒண்ணும் பாக்குறதில்ல. வீட்டுல ஆளு பேசுற சத்தம் கேட்டுக்கிட்டே கெடக்கட்டும்னு போட்டுருவேன். அத அணைச்சா எனக்குப் பயமா இருக்குங்க. வெளிய சொன்னாச் சிரிப்பாக. நீங்க வந்தா நல்லாருக்கும். வரலைன்னாலும்..." அங்கே நின்றார். அவர் வழக்கமாகச் சொல்கிற சொல் அந்த இடத்தில் வரும் என்று நாங்கள் காத்திருந்தோம். வரவில்லை. "வரலைன்னா நான் என்ன செய்வேன்னு தெரியலங்க" என்றார்.

அந்த டிவிச் சத்தத்தை நான் எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். நான் போன் பண்ணும்போதெல்லாம் பின்னால் கத்திக்கொண்டிருக்கும். காது மந்தமாகிறது போலிருக்கிறது, டாக்டரிடம் காட்டுங்கள் என்று கேலி செய்திருக்கிறேன். ஆறு வருஷம் அந்த மனிதரை வைத்து வேடிக்கை பார்த்து, உப்பைப் போட்டுக் குடிக்க வைத்து, மார்க் போட்டு, சொல்லும் வைத்தேன். ராத்திரியில் எப்படிண்ணே இருக்கிறீர்கள் என்று ஒரு நாள் கேட்டதில்லை. என் மேலேயே எனக்கு அப்படி ஒரு எரிச்சல் வந்தது.

அந்தப் பெண் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார். கடையில் கணக்காக டீத்தூள் போடுகிறபோது அவர் முகம் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது.

"கடைய விடமாட்டேன்" என்றார். "காலையில மொத பஸ்ஸுக்கு அடுப்பு பத்தியாகணும். வெள்ளனே போவேன், பொழுது சாஞ்சு வருவேன். சமைக்கிறது ஒரு நாள் நீங்க, ஒரு நாள் நான்."

அண்ணன் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார்.

"இன்னொண்ணு. ராத்திரி டிவிய அணைச்சிரணும். சத்தம் கேட்டா எனக்குத் தூக்கம் வராது."

அண்ணன் கோயில் படியில் உட்கார்ந்தார். துண்டை முகத்தில் பொத்திக்கொண்டு, பூசாரி பதறி ஓடி வருகிற அளவுக்குச் சத்தமாக அழுதார்.